ஓடுபாதைக்கு ஆதரவு சரி, காணிக்கு?

பலாலி ஓடுபாதையைத் திருத்தி நீட்ட வேண்டுமா என்று கேட்டால் எங்கட ஊரில் வேண்டாம் எண்டு சொல்ல ஆளே இல்லை. நாங்களும் வேண்டும் என்றுதான் சொல்கிறோம். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். நவம்பரில் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது, கொரோனாவோடு நின்றது. 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. 2024 செப்ரெம்பரில் இன்டிகோவும் சேர்ந்தது. வந்ததெல்லாம் எழுபது, எண்பது பேர் ஏறும் ஏ.ரி.ஆர் விமானங்கள். செப்பனிட்ட ஓடுபாதை ஏறக்குறைய 1,400 மீற்றர்தான். ஏ320 போன்ற பெரிய விமானம் இறங்க 2,300 மீற்றர் வேண்டும் என்பது அரசின் திட்டம்.

ஆக, சபைகள் ஆதரவுத் தீர்மானம் போடலாம்தானே? போடலாம். ஆனால் அந்தத் தீர்மானத்தில் என்ன எழுதப்போகினம் என்பதுதான் எங்கள் கேள்வி.

பலாலி வெறும் விமான நிலையம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் அமைத்த படைத்தளம், இன்றும் விமானப்படைத் தளம். அதைக் காரணம் காட்டித்தான் 1990இல் வெளியேறிய வலி. வடக்கு மக்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2013இல் 6,300 ஏக்கருக்கு மேல் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். பிறகு கட்டம் கட்டமாகக் கொஞ்சம் விட்டார்கள். முழுவதும் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 2,300 மீற்றர் நீளம். இரண்டு பக்கமும் பாதுகாப்புக்கு விடும் வெளியையும் சேர்த்து 300 மீற்றர் அகலம் என்று வைப்போம். பெருக்கினால் ஏறக்குறைய 170 ஏக்கர். கட்டடம், தரிப்பிடம், வாகனத் தரிப்பு எல்லாத்துக்குமாக அதை நாலு மடங்காக்கினாலும் 700 ஏக்கர் வராது. மிச்சக் காணிக்கும் ஓடுபாதைக்கும் என்ன சம்பந்தம்? காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதியில் எந்த விமானமும் இறங்குவதில்லையே.

“காணிக் கதையை இழுத்தால் வாற விமானமும் வராமல் போயிடும்” என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எங்களுக்கு விளங்குது. சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிற குடும்பம் கொழும்புக்குப் போய் ஏறுவதிலுள்ள அலைச்சலும் செலவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் நிபந்தனை இல்லாத ஆதரவு கடைசியில் சுவீகரிப்புக்குச் சாட்சிக் கையெழுத்தாகத்தான் மாறும். “உங்கட சபையே ஓம் எண்டதுதானே” என்று நாளைக்குச் சொல்லுவினம்.

சட்டப்படி விமான நிலையம் மத்திய அரசின் கையில். 13ஆம் திருத்தத்திலும் அது ஒதுக்கிய விடயம். மாகாண சபை 2018இல் கலைந்தபிறகு தேர்தலே இல்லை. மிஞ்சியிருக்கிற தெரிவான உள்ளூர்க் குரல் பிரதேச சபை மட்டும்தான். அதனாலதான் அது பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் பெறுமதி கூட.

சபையால் உண்மையில் செய்யக்கூடியவை சின்ன விடயங்கள். குப்பை அதில் முக்கியம் (யாரும் பேசாத விடயமும் அதுதான்). ஓடுபாதைக்குக் கிட்ட குப்பை குவிந்தால் காகமும் பருந்தும் வரும், விமானத்துக்கு ஆபத்து. வடிகால், உள்வீதி, தெருவிளக்கு எல்லாம் சபையின் வேலை. ஆனால் ஆட்கள் இல்லாத வட்டாரத்தில் சோலைவரி எங்கால வரும்? காணி திரும்பினால்தான் வீடு வரும், வீடு வந்தால்தான் வரி வரும். ஓடுபாதைக்கு உதவச் சொல்லிக் கேட்கிறவர்கள் இதையும் யோசிக்க வேணும்.

வசாவிளானூடாகப் போகும் பலாலி வீதியை 2025 ஏப்ரலில் திறந்தபோது காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணிவரைதான் போகலாம், இடையில் நிற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். எங்கட வீதிக்கே அவர்கள் நிபந்தனை போடலாம் எண்டா, அவர்கள் கேட்கிற ஆதரவுக்குச் சபையும் போடலாம். ஓடுபாதைக்குத் தேவையான காணித்துண்டுகள் எவை, தேவையில்லாதவை எவை, எந்தத் திகதியில் விடுவார்கள்: இந்த மூன்றும் வரைபடத்தோடு எழுத்தில் வந்தபிறகு தீர்மானத்துக்குக் கை உயர்த்தட்டும்.