லெட்டர்பேடு கட்சிகளுக்கு வரிவிலக்கு எதற்கு?

தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் 334 கட்சிகளையும் செப்டம்பரில் 474 கட்சிகளையும் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலில்கூட நிற்காத லெட்டர்பேடு கட்சிகள் இவை. அத்தனை காலமும் வருமான வரிவிலக்குக் கோரும் உரிமை இவற்றுக்கு இருந்தது. நன்கொடை கொடுத்தவருக்கு நூறு சதவீத வரிக்கழிவும் இருந்தது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இந்தச் சலுகையை வைத்து மோசடி நடக்கும் விதம் மிக எளிது. பழைய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர் ஒருவர் ஒரு லட்ச ரூபாயை வங்கி வழியே கட்சிக் கணக்குக்கு அனுப்புகிறார். ரசீது வருகிறது. தரகர் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறார். 30 சதவீத வரி கட்டுபவருக்கு வரியில் 30,000 ரூபாய் மிச்சம். நஷ்டம் அரசுக் கருவூலத்துக்கு. 2022 செப்டம்பரிலும் 2025 ஜூலையிலும் வருமான வரித்துறை பல மாநிலங்களில் சோதனை போட்டது இது போன்ற மோசடிகளுக்காகத்தான்.

பெரிய கட்சிகளும் இதில் யோக்கியம் பேச முடியாது. ரொக்க நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று 2017-இல் விதி வந்தது. ஆனால் 20,000 ரூபாய் வரை கொடுத்தவரின் பெயரை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை என்ற சலுகையைத் தொடவே இல்லை. ஒரு கோடி ரூபாய்க்கு 2,000 வீதம் 5,000 ரசீது போட்டுவிட்டால் பணம் யாருடையது என்று யார் கண்டுபிடிப்பது? இந்த வரம்பை 2,000 ஆகக் குறைக்கும்படி ஆணையம் 2016-லேயே கேட்டது. கட்சிக்கு நிதி கொடுப்பவர் யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்று, 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரங்களை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டே வருமான வரிச் சட்டத்தைப் புதிதாக எழுதிய நாடாளுமன்றம் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமின்றி அனைவரும் இதற்குப் பொறுப்பு.

கட்சியைப் பதிவு செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. பட்டியலிலிருந்து நீக்க முடிந்தாலும், விதி மீறினால் பதிவை ரத்து செய்யும் அதிகாரத்தைச் சட்டம் தரவில்லை. மோசடியாகப் பதிவு பெற்றது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே ரத்து செல்லும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆணையமோ 1998 முதல் அந்த அதிகாரத்தைக் கேட்டு வருகிறது.

மத்திய அரசு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தை உடனே தர வேண்டும். தேர்தலில் நிற்காத கட்சிக்கு வரிவிலக்கும், அதற்குக் கொடுத்த பணத்துக்கு வரிக்கழிவும் நிறுத்தப்பட வேண்டும். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கொடுத்தவர் பெயர் கட்சிக் கணக்கில் இருக்க வேண்டும். நீக்கப்பட்ட கட்சிகளின் பழைய கணக்குகளைத் தணிக்கை செய்து, ஏய்த்த வரியை வட்டியோடு வசூலிக்க வேண்டும்.