ஓடையை ரோடாகக் காட்டும் வரைபடம்

கொஞ்சம் நீளமான பதிவு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மனை வாங்க நினைப்பவர்களும், தோப்பை விற்க நினைப்பவர்களும் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

மாதத்துக்கு இரண்டு பேராவது வாட்ஸ்அப்பில் ஒரு லொகேஷனை அனுப்பி, "சார், இந்த இடத்தை வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். சொந்தக்காரப் பிள்ளைகள் "பெரியப்பா" என்று ஆரம்பிப்பார்கள், கேள்வி அதேதான். அனுப்புகிறவர் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார். செயற்கைக்கோள் படத்தில் மேற்கே மலை பச்சையாகத் தெரியும். மனைக்குப் பக்கத்திலேயே அகலமாக ஒரு மண் ரோடும் தெரியும். அந்த மண் ரோடுதான் என் கவலை. கோடையில் எடுத்த படத்தில் நம்மூர் ஓடை வண்டிப்பாதை மாதிரிதான் இருக்கும். பத்து மாதம் காய்ந்து கிடக்கும், ஆடு மாடு நடக்கும், டிராக்டர் போகும். ஐப்பசி கார்த்திகையில் மலையில் ஒரு ராத்திரி கொட்டினால்தான் அது யாருடைய பாதை என்று தெரியவரும். அதற்குள் லேஅவுட்காரர் அதை "30 அடி ரோடு" என்று வரைந்து விற்று முடித்திருப்பார்.

நான் புவியியல் நடத்திய காலத்தில் டோப்போ ஷீட் என்கிற தலப்படம் ஒன்றைக் கண்ணில் பார்ப்பதே பெரிய காரியம். என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: இந்திய நில அளவைத் துறையின் வரிசைப்படி ராஜபாளையம் 58 ஜி/11 தாளில் வரும், ஸ்ரீவில்லிபுத்தூர் 58 ஜி/10 தாளின் அடி ஓரத்தில் வரும். 9 டிகிரி 30 நிமிட அட்சரேகை இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுவதால் இந்தப் பிரிவு. இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் நம் தண்ணீரின் கதை புரியும். மலையிலிருந்து கிழக்கே இறங்கும் ஓடைகள், அவை நிரப்பும் கண்மாய்கள், ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகப் போவது, கடைசியில் எல்லாம் வைப்பாற்றில் சேர்வது.

இன்று அதெல்லாம் கையில் இருக்கிற போனிலேயே கிடைக்கிறது. இஸ்ரோவின் புவன் தளம் 2009-இல் வந்தது. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் புரட்டிப் பார்க்கலாம். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் எடுக்கலாம். மாநில அரசின் டிஎன்ஜிஐஎஸ் தளத்தில் சர்வே எண்ணோடு நிலத்தைப் பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடம் தயாரிப்பதற்கு இருந்த பழைய கெடுபிடிகளையும் தளர்த்திவிட்டது. 1802-இல் பரங்கிமலையில் லாம்டன் துரை சங்கிலி பிடித்து அளந்து ஆரம்பித்த வேலை, இருநூறு சொச்சம் வருடத்தில் நம் சட்டைப்பைக்கு வந்திருக்கிறது. வாத்தியாருக்கு இதில் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா?

ஆனால் இந்தப் படங்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. நிலத்தை என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் இது பெரிய சங்கடம்.

புலப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனித் தாள், பழைய தாள்களில் அளவு லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு செயின், அதாவது 66 அடி. அந்தத் தாளில் அட்சரேகை தீர்க்கரேகை கிடையாது. கணினியில் ஏற்றிப் பக்கத்து வயலோடு ஒட்டினால் ஓர் இடத்தில் இடைவெளி விழும், இன்னோர் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அதை செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டால் ஓடைக்கோடு நாலடி தள்ளிப்போய் யாரோ ஒருவருடைய கொல்லையில் விழும். நகராட்சிக்குள் வந்தால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று வேறு எண்ணே வந்துவிடும். பழைய பத்திரத்தில் ஓர் எண், இன்றைய படத்தில் வேறோர் எண்.

இன்னொன்று, பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிற ஓடைகள். அ-பதிவேட்டில் "ஓடை புறம்போக்கு" என்று இருந்தால் யாரும் தொட யோசிப்பார்கள். பட்டாவுக்குள் போகும் ஓடை அந்தப் பதிவேட்டில் வெறும் புஞ்சை. புலப்படத்தில் சில சமயம் இரட்டைக் கோடாக இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. அது எங்கே போகிறது என்பது அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சிக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் வயதாகிவிட்டது.

சரி, மேலேயிருந்து பார்க்கிற படம் இதைப் பிடித்துவிடாதா என்றால், முழுதாகப் பிடிக்காது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2011-இல் வெளியிட்ட தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு நல்ல வேலை. ஆனால் 2.25 ஹெக்டேருக்குக் குறைவான நீர்நிலைகள் அதில் வெறும் புள்ளிதான். 2.25 ஹெக்டேர் என்றால் ஐந்தரை ஏக்கர். நம் கிராமத்து ஊருணிகள் பெரும்பாலும் புள்ளிக் கணக்கில்தான் போகும். அதற்குப் பயன்பட்ட லிஸ்-3 கேமராப் படத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 24 மீட்டருக்கு 24 மீட்டர், பதின்மூன்று பதினான்கு சென்ட் நிலம். ஐந்து மீட்டர் அகல ஓடை அதற்குள் காணாமல் போய்விடும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நடந்ததும் இதுதான். மாதவ் காட்கில் குழு 2011-இல் மலை முழுவதையும் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டது. அப்படி ஒரு சதுரம் நம் இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தில் முக்கால்வாசியை விழுங்கிவிடும். 2013-இல் கஸ்தூரிரங்கன் குழு லிஸ்-3 படத்தை வைத்துக்கொண்டு, இது இயற்கை நிலம், இது மனிதன் பயிர் வைத்த நிலம் என்று பிரித்து, கிராமத்தை அலகாக வைத்தது. இரண்டு குழுவையும் நான் மதிக்கிறேன், காட்கில் குழு சொன்ன எச்சரிக்கையை இன்னும் கூடுதலாக. 2014 மார்ச்சில் முதல் வரைவு அறிவிக்கை வந்தது. ஆறாவது வரைவு வந்த தேதி 2024 ஜூலை 31, வயநாட்டு நிலச்சரிவுக்கு மறுநாள். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,914 சதுர கிலோமீட்டர். பத்து வருடத்தில் ஆறு வரைவு!

நம் செண்பகத்தோப்பின் சாம்பல் நிற மலை அணிலுக்கு இயற்கை நிலம், பயிர் நிலம் என்ற பிரிவெல்லாம் தெரியாது. மரத்துக்கு மரம் தாவிப் போகிற பிராணி அது, தரையில் இறங்குவது குறைவு. காட்டு எல்லைக்கு வெளியே கிளை கோத்து நிற்கும் மாமரமும் புளியமரமும் அதற்கு வீடுதான். 1988-இல் சரணாலயம் வந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் புலிகள் காப்பகமும் ஆனது. கோடு போட்டாகிவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தோப்பு எந்தக் கணக்கில் சேரும்?

இந்த இடத்தில் நம் சொந்தத்திலேயே நாலு பேருக்குக் கோபம் வரும் என்று தெரியும். "பென்ஷன் வாங்குகிற உங்களுக்கென்ன மச்சான், தோப்பு வைத்திருப்பவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் உண்டு. நியாயம்தான். சப்பட்டை மாம்பழத்துக்குச் சில வருடம் பறிகூலி கூடக் கட்டுவதில்லை. ஆள் கிடைப்பதில்லை. யானை வந்து தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகிறது. மனை போடுகிறவர் கொடுக்கிற விலையைக் கேட்டால் யாருக்கும் மனம் அசையும். அடிவாரத்து ஜனங்கள் வரைபடம் என்றாலே பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. வரைபடம் வந்தால் கூடவே ஒரு தடை வரும் என்பதுதான் அவர்கள் கண்ட அனுபவம்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் இருக்க வேண்டும் என்றது. கேரள அரசு செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கட்டடங்களைக் கணக்கெடுத்து டிசம்பரில் வெளியிட்டது. 49,000க்கு மேல் கணக்கு வந்தது. ஆனால் ஜனங்கள் தேடிப் பார்த்தால் தங்கள் வீட்டையே காணோம்! மரத்தடியில் இருந்த வீடு மேலேயிருந்து தெரியவில்லை. ஊர் கொந்தளித்தது. கடைசியில் பஞ்சாயத்துகளில் உதவி மையம் வைத்து, ஆட்களை அனுப்பி நேரில் சரிபார்க்க வேண்டியதாயிற்று. 2023 ஏப்ரல் 26-இல் நீதிமன்றமும் தன் உத்தரவைத் தளர்த்தியது. நேரில் போய்ப் பார்ப்பதை முதலிலேயே செய்திருந்தால் அவ்வளவு கலவரம் எதற்கு? இன்னொரு பக்கம், அந்தக் குழப்பத்தைக் காட்டியே "வரைபடமே வேண்டாம்" என்று பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வரைபடம் இல்லாத இடத்தில் லாபம் பார்ப்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் தோப்பை விற்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஓடையை விற்காதீர்கள் என்கிறேன். மனை போடக் கொடுத்தால், ஓடைக்கும் அதன் இரு கரைக்கும் இடம் விட்டுத்தான் பத்திரம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டதும், மறுவருடம் வரன்முறைத் திட்டம் வந்ததும், அதற்காக நம் ஆட்கள் அலைந்த அலைச்சலும் மறந்திருக்காது. வாய்க்கால், கண்மாய் நிலத்தில் விழுந்த மனைகளுக்கு அந்தத் திட்டத்திலும் இடமில்லை.

அரசிடம் எனக்கு இருக்கும் எதிர்பார்ப்பு வேறு. அம்ரூத் நகரங்களுக்கு ஜிஐஎஸ் அடிப்படையில், 1:4,000 அளவில் முழுமைத் திட்டம் தயாரிப்பது என்பது மத்திய அரசின் ஏற்பாடு. முதலில் அது பெரும்பாலும் ஒரு லட்சம் மக்கள் தொகை தாண்டிய ஊர்களுக்கு என்றுதான் இருந்தது. 2011 கணக்குப்படி ராஜபாளையம் 1,30,000, ஸ்ரீவில்லிபுத்தூர் 75,000. ஊரளவில் இப்படித் தரம் பிரிக்கலாம், தண்ணீரை எப்படிப் பிரிப்பது? மேற்கே அதே மலை, கிழக்கே அதே வைப்பாறு, நடுவே ரோட்டின் இரு பக்கமும் கட்டடங்கள் நெருங்கி இரண்டு ஊரும் ஒன்றாகிக்கொண்டிருக்கின்றன. நகராட்சி எல்லையோடு நிற்கிற திட்டம், கண்மாய் நிரம்பும் வழியை எப்படிக் காக்கும்? இரண்டு தாலுகாவுக்கும் சேர்த்து ஒரே அடிப்படை வரைபடம் வேண்டும். அதில் முதல் அடுக்கு ஓடையும் வரத்துக்காலும், வீட்டு மனையும் ஆலையும் அதற்குப் பிறகு. வரைவு வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும் என்பது 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. சென்னையில் ஒரு பி.டி.எப். போட்டுவிட்டு ஆட்சேபணை வரவில்லை என்று சொன்னால் சரியாகாது. கிராம சபையில் சுவரில் ஒட்டிக் காட்ட வேண்டும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அது நம் மலையடிவாரத்தில் பெய்யாது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஐ.டி.யில் இருக்கிற என் மாணவர்களில் மூன்று நான்கு பேருக்காவது க்யூஜிஐஎஸ் மென்பொருள் தெரியும். இலவசம்தான். அவரவர் சொந்தக் கிராமத்தின் புலப்படங்களை ஒட்டி, பழைய தலப்படத்தில் இருக்கிற ஓடைக் கோடுகளை அதன் மேல் வரைந்து எனக்கு அனுப்புங்கள். ஓடை எந்த வருடம் எந்தப் பக்கம் உடைத்தது என்று சொல்ல ஒவ்வொரு ஊரிலும் இன்னும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். படத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு நடந்து திருத்த நான் தயார், முழங்கால் வலி இருந்தாலும். அக்டோபர் 2 கிராம சபைக்குள் ஒரு கிராமத்துக்காவது முடித்துவிட்டால், அடுத்து மழை இறங்கும்போது நம் கோடு சரியா என்று தெரிந்துவிடும். பெரிய தாளில் பிரிண்ட் எடுக்கிற செலவு என்னுடையது.