வயது வந்தோருக்குப் பாடம் எடுக்க இன்டர்வியூ போறீங்களா? முதல்ல 'வெரிகுட்' சொல்றதை நிறுத்துங்க!

கடந்த ஆண்டு ஒரு தொண்டு நிறுவனத்தின் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வார இறுதியில் பாடம் எடுக்க ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறார்கள். அந்தப் பயிற்சிக்கு ஆள் எடுக்கத்தான் இன்டர்வியூ. மீடியா டிகிரி, சரளமான தமிழ், கையில் கலர் கலராக எழுத்து அட்டைகள். தேர்வாகிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

டெமோ கிளாஸுக்கு 10 நிமிடம். இன்டர்வியூ எடுத்த மேடம், 55 வயது பூக்காரம்மாவாக நடித்தபடி எதிரில் உட்கார்ந்தார். நான் 'அ' அட்டையைக் காட்டினேன். அவர் சரியாகச் சொன்னதும் "வெரிகுட்! சூப்பர்!" என்று கைதட்டினேன். அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "விடியக்காலை மார்க்கெட் போய், பூ வாங்கி, கட்டி, வித்து, மூணு பிள்ளைங்களை ஆளாக்கினவ நான். எனக்கு எதுக்குப்பா கைதட்டுற?"

பதில் வரவில்லை. நான் தேர்வாகவும் இல்லை. "ஒரு மாசம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள படிக்கத் தெரியாத ஒருத்தர்கிட்டயாவது உட்கார்ந்து பேசிட்டு வாங்க" என்றார்கள்.

அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், இந்த இன்டர்வியூவுக்கு அதைவிடச் சரியான தயாரிப்பு வேறு இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அடிப்படைத் தகவல்கள்: இவ்வளவு போதும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09%. ஆண்கள் 86.77%, பெண்கள் 73.44%. இந்த இடைவெளியை மட்டும் மனதில் வையுங்கள். உங்கள் வகுப்பில் யார் அதிகம் உட்காருவார்கள் என்பதை அதுவே சொல்லிவிடும்.

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை நடக்கிறது. 'உல்லாஸ்' என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். இது தன்னார்வலர்களை நம்பி ஓடும் திட்டம். பாடம் எடுப்பவருக்குச் சம்பளம் கிடையாது. தொண்டு நிறுவனங்களில் ஒருங்கிணைப்பாளர் போன்ற சில பணிகளுக்குச் சம்பளம் உண்டு. எதற்குப் போகிறோம் என்பதை முன்பே கேட்டுத் தெளிவாகிக்கொள்வது நல்லது.

'ஏன் இந்த வேலை?'

இந்தக் கேள்வி வராத இன்டர்வியூ இல்லை. "சமூகத்துக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்கணும்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். நானும் அதைத்தான் சொன்னேன். அந்தப் பதிலில் படிக்க வருபவர் எங்கேயுமே இல்லை, முழுக்க நான்தான் இருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அந்த ஒரு மாதத்தில் எங்கள் பில்டிங்கில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் அக்காவிடம் பேசினேன். பஸ் நம்பர், ரூபாய்க் கணக்கு எல்லாம் அத்துப்படி. போனில் பெயர்களுக்குப் பதில் படங்கள். மகள் என்றால் பூ, ஹவுஸ் ஓனர் என்றால் வீடு, சீட்டு பிடிக்கும் அம்மா என்றால் காசு. மகள் செட் பண்ணிக் கொடுத்ததாம். படிக்கத் தெரியாதவர் என்றால் 'ஒண்ணும் தெரியாதவர்' என்ற என் நினைப்பு அங்கேயே உடைந்தது.

"படிக்கத் தெரிஞ்சா முதல்ல எதைப் படிப்பீங்கக்கா?" என்று கேட்டேன். பேப்பர், கதைப் புத்தகம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"சீட்டு நோட்டுதான். மாசாமாசம் பணம் கட்டுறேன், அவங்க எழுதிக்கிறாங்க. நல்லவங்கதான், தப்பா சொல்லல. ஆனா நானே பார்த்துக்கிட்டா நிம்மதியா இருக்கும்ல?"

எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்காது.

டெமோ கிளாஸ்: எழுத்திலிருந்து அல்ல, சொல்லிலிருந்து

தமிழில் 247 எழுத்துகள். 'அ'வில் ஆரம்பித்து வரிசையாகப் போனால், தனக்குத் தேவையான சொல்லைத் தொடுவதற்குள் வேலைக்குப் போகிற ஒருவர் களைத்துவிடுவார். மாற்று வழி பழையதுதான். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-ல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்குப் பாடம் நடத்தியபோது, அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கினார். செங்கல் என்ற சொல்லைப் பிரித்து, அதன் அசைகளை மாற்றிப் போட்டுப் புதுச் சொற்கள் உருவாக்குவது அவர் முறைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம்.

அதையே அக்காவின் 'சீட்டு'வில் செய்து பாருங்கள். 'ட்டு' ஒன்று பிடிபட்டால் நோட்டு, பாட்டு, வீட்டு, பூட்டு என்று வரிசையாக வரும். முன்னால் இருக்கும் எழுத்து மட்டும்தான் மாறுகிறது. 10 நிமிட டெமோவுக்கு இது தாராளம்.

நம் ஊரிலும் முன்னுதாரணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். யாரையும் எதிர்பார்க்காமல் தானே போய் வர வேண்டும் என்ற தேவைதான் சம்பந்தம். இன்டர்வியூவில் அறிவொளி பற்றிக் கேட்டால் ஆண்டுகளை ஒப்பிக்காமல் இதைச் சொல்லுங்கள்.

மடக்கும் கேள்விகள்

'ஒருவர் இரண்டு வாரமாக வரவில்லை, என்ன செய்வீர்கள்?' இதற்கு 'மோட்டிவேட் பண்ணுவேன்' என்பது பதில் ஆகாது. வேலை நேரம் மாறியிருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம், போன வகுப்பில் யாராவது சிரித்திருக்கலாம். முதலில் காரணத்தைக் கேட்பேன், தேவைப்பட்டால் நேரத்தை மாற்றுவேன் என்று சொல்லுங்கள்.

'ஒருவருக்கு எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை என்றால்?' நாற்பது வயதுக்கு மேல் பலருக்குக் கிட்டப் பார்வை மங்கும். கண்ணாடி இல்லாதவருக்குச் சின்ன எழுத்து தெரியாது. அவரோ 'மண்டையில ஏறல' என்று தன்னையே திட்டிக்கொள்வார். மூளையைச் சந்தேகப்படும் முன் கண்ணைப் பார்க்கச் சொல்பவர்தான் நல்ல ஆசிரியர்.

'கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தால் போதும்தானே?' போதாது. கையெழுத்துப் போடத் தெரிந்து, எதில் போடுகிறோம் என்று தெரியாமல் இருப்பது கைநாட்டைவிட ஆபத்து.

இலவசமா சொல்லித்தர்றதுக்கு எதுக்கு இன்டர்வியூ?

நண்பர்கள் கேட்டார்கள். 'ஆளே கிடைக்கல, வர்றவங்களையும் ஃபில்டர் பண்ணுவாங்களா?' என்று. நியாயமான கேள்விதான். ஆனால் என் கருத்து வேறு. பள்ளிக்கூடப் பிள்ளையை ஆசிரியர் திட்டினாலும் மறுநாள் அனுப்பிவைக்க வீட்டில் ஆள் உண்டு. 50 வயதுக்காரர், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல், கூச்சத்தை விழுங்கிக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறார். ஒரு முறை அவமானப்பட்டால் திரும்ப வரமாட்டார். நல்ல மனசு மட்டும் வைத்துக்கொண்டு போகிற நம்மைப் போன்றவர்களால்தான் அந்த அவமானம் நடக்க வாய்ப்பு அதிகம். என் கைதட்டலும் நல்ல மனசோடு தட்டியதுதான்.

இரண்டாவது இன்டர்வியூவுக்கு எழுத்து அட்டைகளை எடுத்துப் போகவில்லை. 40 பக்க நோட்டு ஒன்று மட்டும். 'யாரிடமாவது பேசினீர்களா?' என்றுதான் முதல் கேள்வி. சீட்டு நோட்டுக் கதையைச் சொன்னேன். மேடம் மறுபடி எதிரில் உட்கார்ந்து, "சரி, ஆரம்பிங்க" என்றார்.

இந்த முறை கைதட்டவில்லை. அவர் 'நோட்டு' என்று தானே படித்ததும், "அடுத்தது என்னன்னு பாருங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ இருக்கிறதா? கூகுளில் கேள்வி பதில் தேடுவதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். தெரிந்த அக்காவோ அண்ணனோ தாத்தாவோ இருப்பார்கள். டீ குடித்துக்கொண்டே கேளுங்கள், எதைப் படிக்க ஆசை என்று.