ஜெர்மனியில் கட்டணம் இல்லை, ஈடுதான் கேட்கிறார்கள்

"ஜெர்மனியில் படிப்பு இலவசம். மார்க்கும் முயற்சியும் இருந்தால் யாரும் போகலாம்." யூடியூபில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. நம் தோழர்கள் சிலரும் கூட்டங்களில் இதையே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன்.

பாதி உண்மைதான். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. ஸ்வீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும், நார்வே 2023இலும் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருவோருக்கு இலவசக் கதவை மூடிவிட்டன. கையில் காசில்லாமல் பொறியியலோ அறிவியலோ படிக்க நினைக்கிறவருக்கு மிச்சமிருப்பது ஏறக்குறைய ஜெர்மனிதான்.

எங்கள் ஊர் மகாராஜபுரம், சதுரகிரி மலையடிவாரம். என் அக்கா ராஜபாளையத்தில் நூற்பாலை வேலைக்குப் போகிறவர், மச்சான் தோப்புக் காவல். அவர்கள் மகள் மெக்கானிக்கல் முடித்தாள். எங்கள் தெருவில் பொறியியல் முடித்த முதல் பெண். ஜெர்மனியில் ஒரு 'ஹோக்‌ஷூலே'யில், அதாவது பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில், முதுநிலைப் படிப்புக்கு இடம் வாங்கினாள். யாருடைய சிபாரிசும் இல்லை. சான்றிதழ் சரிபார்க்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கு 18,000 ரூபாய், ஆங்கிலத் தேர்வுக்குக் கிட்டத்தட்ட அதே தொகை. அக்காவின் கம்மல் அங்கேயே போனது. இலவசம் இப்படித்தான் தொடங்குகிறது.

அடுத்து 'பிளாக்டு அக்கவுண்ட்'. விசா வேண்டுமானால் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கப்பட்ட கணக்கில் போட வேண்டும். இன்றைய மதிப்பில் சுமார் 12 லட்சம் ரூபாய். அந்தப் பணம் எங்கும் போய்விடாது. அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக மாணவருக்கே திரும்பி வரும். ஆனால் போவதற்கு முன்னால் மொத்தமாகக் காட்ட வேண்டும்.

கல்விக்கடன் இருக்கிறதே என்பீர்கள். ஏழரை லட்சம் வரை பொதுவாக ஈடு கேட்க மாட்டார்கள். அதற்கு மேலே போனால் வீடோ நிலமோ காட்ட வேண்டும். அக்காவிடம் இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டா. அதை எடுத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனோம். மேலாளர் நல்ல மனிதர், காபி வாங்கிக் கொடுத்தார். பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நாளைக்குக் கடன் நின்னுபோச்சுன்னா காலனி மனைய ஏலம் விட்டா யார் வாங்குவா, நீங்களே சொல்லுங்க?"

சாதி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவேயில்லை. வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "மாமா, இவரு கடன் இல்லன்னு சொல்றாரா, நம்ம தெருவுக்கு வெல இல்லன்னு சொல்றாரா?"

அவளோடு படித்த ஊர்த்தெருப் பையன் ஒருவன், மதிப்பெண் அவளைவிடக் குறைவு. தென்னந்தோப்புப் பத்திரத்தை வைத்தார்கள், மூன்று வாரத்தில் கடன் வந்தது. இப்போது அங்கே படிக்கிறான். நல்ல பையன், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. தோப்பு எப்படி அங்கே போனது, மூன்று சென்ட் மனை எப்படி இங்கே வந்தது என்பதுதான் கேள்வி. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு வந்த அரசாணையால் சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் நம் முன்னோருக்கு ஒதுக்கப்பட்டது. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது? 'ஈடு' என்று வங்கி கேட்பது அந்தப் பறிக்கப்பட்ட நிலத்தைத்தான். நம்மிடமிருந்து எடுத்ததை நம்மிடமே காட்டச் சொல்கிறார்கள்.

சரி, ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை? ஆண்டுக்கு நாடு முழுவதற்கும் 125 இடங்கள், பட்டியல் சாதியினருக்கு 115. 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஜூலையில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மீதி 66 பேருக்கு 'நிதி இருந்தால்' என்றார்கள். அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறவன் ஜூலையில் 'நிதி இருந்தால்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

அதைவிடக் கொடுமையான விதி ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கியூ.எஸ். தரவரிசையில் முதல் 500க்குள் இருக்கும் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டுமாம். ஹோக்‌ஷூலேக்கள் ஆலைகளோடு சேர்ந்து தொழில் கற்றுத் தருபவை. ஆய்வுக் கட்டுரைகளை எண்ணும் அந்தப் பட்டியலில் அவை பெரும்பாலும் வருவதே இல்லை. ஆக, கட்டணம் வாங்காத, ஆனால் அந்தப் பட்டியலில் வராத கல்லூரிக்குப் போக உதவித்தொகை கிடையாது. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் கல்லூரி என்றால் தருவார்கள், அதுவும் நூற்றுச் சொச்சம் பேருக்கு. இந்தக் கணக்கைப் போட்டவர் ஏழைகளைப் பார்த்திருக்கவே மாட்டார். (2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய படிப்புகளுக்கும் உதவி இல்லை என்றார்கள். 1916இல் கொலம்பியாவில் சாதி பற்றிக் கட்டுரை வாசித்த அம்பேத்கர் இன்று விண்ணப்பித்தால் நிராகரிப்புதான்.)

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறது. வரவேற்கிறேன். எங்களுக்கு அது தெரிய வந்தபோது தேதி போய்விட்டது, பிழை எங்களுடையது. ராஜபாளையத்தில் நாங்கள் பணம் கட்டிய ஆலோசனை மையம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் ஒருவருடைய 36 லட்சம் மூன்று பேருடைய முடக்கக் கணக்கு. அதையும் இலவசமாகக் கொடுக்க வேண்டியதில்லை. வங்கிக்குத் தாட்கோ உத்தரவாதம் நின்றால் போதும், ஏலத்தில் யார் வாங்குவார் என்ற கேள்வியே எழாது.

1913இல் அம்பேத்கர் நியூயார்க் போனது பரோடா அரசு மாதம் கொடுத்த பதினொன்றரை பவுண்டில். பத்தாண்டு வேலை செய்வேன் என்று எழுதி வாங்கினார்கள், நிலம் கேட்கவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டி வந்தது. சிடன்ஹாம் கல்லூரிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாகு மகாராஜ் உதவியும் நண்பரின் கடனும் சேர்த்துத்தான் 1920இல் மறுபடி கப்பலேறினார். மேடைக்கு மேடை அவரது பட்டங்களை எண்ணுகிறோம். நடுவில் போன அந்த மூன்று ஆண்டுகளை எண்ணுவதில்லை.

அக்கா மகள் இப்போது ஓசூரில் ஒரு ஆலையில் ஒப்பந்த வேலை. அனுமதிக் கடிதம் காலாவதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாள். அடுத்த விண்ணப்பத்துக்கான தேதிகளை இந்த முறை நான்தான் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.