ஒரு பக்கம் காளை, ஒரு பக்கம் கன்று!

"கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அப்பா!"

இந்தக் குரல் இன்று பல வீடுகளில் கேட்கிறது. முதலில் அப்பா அதட்டுவார். அம்மா சமாதானம் சொல்லுவாள். மகன் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். கடைசியில், "பரீட்சையில் நல்ல மார்க் வாங்கு, பார்க்கலாம்" என்று பேச்சு முடியும்.

மகன் மார்க் வாங்கிவிடுகிறான். அப்பொழுதுதான் உண்மையான தொல்லை தொடங்குகிறது. எதை வாங்குவது?

தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை என் அக்காள் வீட்டில் பார்த்தேன்.

அத்தான் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். சீட்டுப் பணம் 40 ஆயிரம் ரூபாய் கைக்கு வந்தது. மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

"இது ஐ7. இதற்கு மேல் கிடையாது" என்றார் கடைக்காரர். பெட்டிக்குள் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் எரிந்தன. பையனின் கண்கள் விரிந்தன. அத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

மறுநாளே பையன் எனக்குப் போன் செய்தான். "மாமா, கேம் விட்டு விட்டு ஓடுகிறது. சில கேம் ஓடவே மாட்டேன் என்கிறது" என்றான். அவன் குரல் தழுதழுத்தது.

நான் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடைக்காரர் சொன்னது பொய் அல்ல. உள்ளே இருந்தது ஐ7தான். ஆனால் அது 2011-ம் ஆண்டு வெளிவந்த ஐ7! அதற்குத் துணையாக இருந்த கிராபிக்ஸ் கார்டு ஜி.டி. 730. அது 2014-ல் வந்தது. வந்த நாளிலேயே அது சிறிய கார்டு.

"ஏமாந்துவிட்டோமா, மாமா?" என்று பையன் கேட்டான். அத்தானின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தாத்தாவும் ஐ7, பேரனும் ஐ7

ஐ7 என்பது ஒரு குடும்பப் பெயர். 2008-ம் ஆண்டு முதல் அந்தப் பெயரில் தலைமுறை தலைமுறையாகப் பிராசசர்கள் வந்தன. தாத்தாவுக்கும் அதே பெயர், பேரனுக்கும் அதே பெயர்!

பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7 2600 என்றால் 2-வது தலைமுறை. ஐ3 12100 என்றால் 12-வது தலைமுறை. இரண்டுக்கும் 4 கோர்தான். ஆனால் 2022-ல் வந்த அந்த ஐ3, 2011-ல் வந்த ஐ7-ஐ ஓட்டத்தில் எளிதாகத் தோற்கடித்துவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. விண்டோஸ் 11, இன்டெல் பிராசசர்களில் பொதுவாக 8-வது தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான் வேண்டும் என்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்போ 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய ஐ7 வாங்கியவர் எங்கே போவார்?

ஓட்டலில் என்ன நடக்கிறது?

ஓர் ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மேஜைக்கு எது வேண்டும் என்று பார்த்து உத்தரவு போடுபவர் பிராசசர். தோசை சுட்டுத் தள்ளுபவர் கிராபிக்ஸ் கார்டு. கைக்கு எட்டும் மேடையில் சாமான்களைப் பரப்பி வைப்பது மெமரி. பின்னால் இருக்கும் சாமான் அறை எஸ்.எஸ்.டி. அடுப்புக்கு எரிவாயு தருவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி.

உத்தரவு போடுபவர் கெட்டிக்காரர். தோசைக்கல் ஒன்றே ஒன்று. என்ன பயன்? சாப்பிட வந்தவர் காத்துக் கிடப்பார். பத்து தோசைக்கல் இருக்கிறது. உத்தரவு போடுபவர் தூங்குமூஞ்சி. அப்பொழுதும் அதே கதிதான்.

இரட்டை மாட்டு வண்டியில் ஒரு பக்கம் காளையையும் ஒரு பக்கம் கன்றையும் பூட்டினால், வண்டி கன்றின் வேகத்தில்தான் போகும். காளைக்குக் கொடுத்த பணம் வீண்!

ஆகவே, "எது பெரியது?" என்று கேட்பது தவறு. "எதற்கு எது ஜோடி?" என்று கேட்பதே சரி.

திரையில் தொடங்குங்கள்

முதலில் திரையைத் தீர்மானியுங்கள். 1080 திரை என்று சொல்வதில் சுமார் 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். நான்கு மடங்கு! அத்தனை புள்ளிகளையும் கிராபிக்ஸ் கார்டுதான் வரைய வேண்டும். சிக்கனமாக வாங்குகிற குடும்பத்துக்கு 1080 திரையே போதும்.

அடுத்தது, பணத்தைப் பங்கிடுவது. விலை அடிக்கடி மாறுகிறது. 2025-ம் ஆண்டின் கடைசியில் மெமரி விலை கிடுகிடுவென்று ஏறியதை வாங்கப் போனவர்கள் அறிவார்கள். எனவே விலை சொல்லாமல் பங்கு சொல்கிறேன்.

திரையைத் தவிர்த்து, பெட்டிக்கு 100 ரூபாய் என்றால், என் கணக்கு இது: கிராபிக்ஸ் கார்டுக்கு 35. பிராசசருக்கு 18. மதர்போர்டுக்கு 12. மெமரிக்கு 12. எஸ்.எஸ்.டி.க்கு 9. மின்பெட்டிக்கு 8. வெளிப்பெட்டிக்கு 6. விலைவாசிப்படி இது கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் ஒன்று வீங்கி மற்றொன்று மெலியக் கூடாது.

ஓர் உதாரணம். ரைசன் 5 5600 பிராசசரும் ஆர்.எக்ஸ். 6600 கார்டும் நல்ல ஜோடி. முன்னதற்கு 6 கோர். பின்னதற்கு 8 ஜி.பி. சொந்த மெமரி. 1080 திரைக்கு இரண்டும் இணையாக ஓடும். மெமரி 16 ஜி.பி. வேண்டும். அதை ஒரே துண்டாக வாங்காமல் 8, 8 என்று இரண்டு துண்டாக வாங்குங்கள். இரண்டு வழியிலும் சரக்கு வந்தால் வேலை சுருக்காக நடக்கும்.

இதில் கை வைக்காதீர்கள்

பணம் குறைந்தால் எல்லாரும் முதலில் கை வைப்பது மின்பெட்டியில்தான். "கரண்டு கொடுக்கிற டப்பாதானே!" என்கிறார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். மட்டமான மின்பெட்டி கெடும்போது, தான் மட்டும் போகாது. கார்டையும் மதர்போர்டையும் கூடவே அழைத்துக்கொண்டு போகலாம்.

மேலே சொன்ன பிராசசருக்கு 65 வாட், கார்டுக்கு 132 வாட் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். மற்றவற்றையும் சேர்த்தால் நல்ல 550 வாட் மின்பெட்டி தாராளம். 80 பிளஸ் முத்திரையும், பல ஆண்டு வாரண்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில்தான் இணைக்க வேண்டும்.

விளக்குகளில் கை வையுங்கள். கண்ணாடியில் கை வையுங்கள். கேம் ஓடுவதற்கு அவை உதவுவதில்லை.

கடைக்குப் போகும் முன் பட்டியல் எழுதுங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும், உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும், ஒவ்வொரு பொருளின் முழுப் பெயரையும் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று கடையில் விலை கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்டு நிற்க முடியாது.

பையன் என்ன செய்தான்?

அக்காள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பழைய பாகங்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளினோம். அத்தான் சம்பளத்தில் முன்பணம் வாங்கினார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். ரைசன் 5 5600ஜி என்று ஒரு பிராசசர் உண்டு. அதற்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டு இல்லாமலே படம் வரும். சிறிய கேம்கள் ஓடும். நல்ல மதர்போர்டு, நல்ல மின்பெட்டி, இரண்டு துண்டு மெமரி ஆகியவற்றை முதலில் வாங்கினோம். கார்டுக்கு இடம் காத்திருக்கிறது.

"அவசரப்பட்டு என்ன கண்டேன், தம்பி?" என்றார் அத்தான். "அவன் கேட்டதும் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்."

அதில் தவறே இல்லை. பிள்ளை ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுப்பது தகப்பனுக்குப் பெருமை. அந்தப் பெருமையைத்தான் சிலர் காசாக்கிக்கொள்கிறார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

இப்பொழுது பையன் மாதம் 500 ரூபாய் சேர்க்கிறான். அடுத்த தீபாவளிக்குக் கார்டு வாங்குவானாம். சிவப்பும் பச்சையுமாக எரிந்த அந்தப் பழைய வெளிப்பெட்டி மட்டும் இன்னும் இருக்கிறது. விளக்கை அவனே அணைத்துவிட்டான்.

"கண்ணை உறுத்துகிறது, மாமா" என்கிறான்!