‘இன்னும் ஒரு கரண்டி’ வேண்டாமுங்க!

கொங்கு நாட்டுப் பந்தியில் ‘போதும்’ என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை. இலையைக் கையால் மறைத்தாலும், “ஏனுங்க, ஒண்ணுமே சாப்பிடலீங்களே... இன்னொரு ஒப்புட்டு வைங்க” என்று விரலை விலக்கி வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். அன்புதான், குறை சொல்ல முடியாது. ஆனால், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரமே ஆனவருக்கு அந்த ஒரு ஒப்புட்டு பெரும்பாடு. நெஞ்சுக்குள் கல் வைத்ததுபோல வலி, குமட்டல், வாந்தி என்று அன்றைய நாளே போய்விடும்.

மருத்துவமனையில் நடக்கும் பாதி சிகிச்சையை டாக்டர் பார்த்துக்கொள்வார். மீதிப் பாதி நடப்பது வீட்டுச் சமையலறையில். அதைப் பற்றித்தான் நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை.

பத்தில் நான்கு பேர்

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும் ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் கூடுதல் எடையுடனோ, பருமனாகவோ இருக்கிறார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்களின் அளவு சுமார் 31 சதவிகிதம்தான்.

இவர்கள் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. யாருக்குத் தேவை என்பதற்கு பி.எம்.ஐ. என்ற உடல் நிறைக் குறியீட்டைப் பார்க்கிறார்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது அது. இந்தியர்களுக்குப் பல காலமாகப் பின்பற்றப்பட்டுவரும் அளவு 37.5. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத்திணறல் போன்றவை இருந்தால் 32.5. அதாவது, 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 96 கிலோ இருந்தால், அல்லது சர்க்கரை நோயோடு 83 கிலோவைத் தாண்டினால், டாக்டர் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுக்கலாம். 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இந்த எல்லையை இன்னும் தளர்த்தியிருக்கிறது.

சோம்பேறிகளின் குறுக்கு வழியா?

‘வாயைக் கட்டினால் போதாதா, வயிற்றை எதற்கு வெட்டணும்?’ கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் இந்தச் சிகிச்சைக்குப் போகும் பலர் முதலில் கேட்பது இதைத்தான். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியும் கூடவே வரும்.

ஐந்து, பத்து கிலோ கூடியவருக்குக் கொள்ளும் நடையும் உதவும். நாற்பது, ஐம்பது கிலோ கூடியவரின் கதை வேறு. அவர் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், உடல் அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, உடல் செலவழிக்கும் சக்தி குறைகிறது. குறைந்த எடை மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மன உறுதி இல்லை என்று அவரைத் திட்டுவதில் நியாயமில்லை.

பரவலாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறையில், இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் நீக்கிவிட்டு, வாழைப்பழம்போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால், பசியே குறைகிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். இரண்டுமே இன்று பெரும்பாலும் நுண்துளை வழியாக, லேப்ராஸ்கோப்பியில் நடக்கின்றன. நுண்துளை சிகிச்சைக்குக் கோவை பெயர்பெற்ற ஊர். ராமநாதபுரத்தில் ஜெம் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் சி.பழனிவேலு இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர்.

பலன் உண்டா? ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2007இல் வெளியான முடிவு, செய்துகொண்டவர்களிடம் மரண விகிதம் குறைவாக இருந்ததைக் காட்டியது.

முதல் இரண்டு மாதம்

சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே பத்தியம் தொடங்கிவிடும். மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால், கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் சற்றுச் சுருங்கும். டாக்டருக்கு உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். எண்டோஸ்கோப்பி, இதயப் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனை, மனநல ஆலோசனை எல்லாம் இதே காலத்தில். புகைப்பவர் அப்போதே நிறுத்தியாக வேண்டும்.

அறுவை முடிந்த அன்று மாலையோ, மறுநாள் காலையோ நடக்கச் சொல்வார்கள். வலிக்கிறதே என்று படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடும் அபாயம் உண்டு. முதல் ஓரிரு நாள் தண்ணீர், வடிகட்டிய ரசம், இளநீர் என்று மடக்கு மடக்காகத்தான். டம்ளரை எடுத்துக் கடகடவென்று குடித்த பழக்கத்துக்கு அன்றோடு விடை.

அடுத்த இரண்டு வாரம் மோர், பால், புரதப் பொடி கலந்த திரவ உணவு. பிறகு மசித்த பருப்பும் முட்டையும். அதற்குப் பிறகுதான் குழைய வடித்த அரிசியும் பருப்பும், அதுவும் சின்னக் கிண்ணத்தில். சாதாரண உணவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கடைசியில் அந்தக் கொள்ளுக்கும் ஒரு வேலை வருகிறது. நன்றாக வேகவைத்துக் கடைந்த கொள்ளு, புரதம் நிறைந்த நம் ஊர் உணவு.

நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். முதல் வாய் புரதம், பிறகு காய், கடைசியில்தான் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்துத்தான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடமாவது ஆக வேண்டும். வேகமாக விழுங்கினால் வயிறு உடனே திருப்பி அனுப்பிவிடும்.

வயிறு சுருங்கும், மனசு சுருங்காது

இந்தக் கட்டத்தில் பலரும் தடுமாறுவது பசியால் அல்ல. கோபம் வந்தால் பஜ்ஜி, கவலை வந்தால் பிஸ்கட், விருந்தாளி வந்தால் பலகாரம் என்று இருபது வருடம் பழகிய மனசை எந்தக் கத்தியாலும் வெட்ட முடியாது. எல்லோரும் சாப்பிடும்போது நான்கு ஸ்பூனோடு எழுந்து போவதில் ஒரு தனிமை இருக்கிறது. முதல் மாதத்தில் ‘ஏன் செய்துகொண்டோம்?’ என்று அழுபவர்களும் உண்டு. டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது, வெட்கப்பட வேண்டியது அல்ல.

மூன்றாவது மாதத்துக்கு மேல் முடி கொட்டும். வேகமாக எடை இறங்குவதால் வருவது; புரதமும் சத்து மாத்திரைகளும் சரியாக இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வளரும். தோல் தொங்கும். பித்தப்பையில் கல் வரலாம். முகம் ஒட்டிப்போகும். அப்போது பார்த்து உறவினர், “என்ன கண்ணு, சீக்காளி மாதிரி ஆயிட்டே?” என்பார்கள். குண்டாக இருந்தபோது கேலி செய்ததும் அதே வாய்தான்.

குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தரிக்கலாம். முதல் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது தாய்க்கும் குழந்தைக்கும் நல்லது. மாமியார் வீட்டில் இதை முன்கூட்டியே புரியவைத்துவிட வேண்டும்.

இரண்டு பிரபலங்கள், இரண்டு கதைகள்

பி.ஜே.பி.யின் தேசியத் தலைவராக இருந்த நிதின் கட்கரி, 2011இல் மும்பையில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டார். அதை மறைக்கவில்லை. 2022இல் உஜ்ஜயினி மேடையில், 135 கிலோவாக இருந்த தன் எடை 93 கிலோவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் எடை நிற்கிறது என்பதுதான் இதில் சேதி.

கால்பந்து மன்னன் மரடோனா 2005இல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டார். மளமளவென்று இளைத்தார், உலகமே வியந்தது. பிறகு எடை திரும்பியது. 2015இல் வெனிசுவேலாவில் மீண்டும் அறுவைக்குப் போனார். சிகிச்சை ஒரு கருவிதான், அதைப் பிடித்திருக்கும் கை தளரக் கூடாது.

அலட்சியம் ஆகாது

அனுபவமுள்ள மையங்களில் இந்தச் சிகிச்சையால் உயிரிழப்பு மிக அரிது. ஆனால், அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2024இல் சென்னையில் தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. எனவே, கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளேயே இருக்கிறதா? இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் செய்ய வேண்டும்?

வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. தையல் போட்ட இடத்தில் கசிவோ, ரத்தக் கட்டோ இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் முன்பே படித்துவிடுங்கள். பி.எம்.ஐ. 40க்கு மேல், அல்லது தீவிர இணை நோய்களோடு 35க்கு மேல் என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். இந்தியர்களுக்கான மருத்துவ அளவும் பாலிசியின் அளவும் ஒன்றல்ல என்பதால், டாக்டர் சரி என்றாலும் கிளெய்ம் மறுக்கப்படலாம்.

குடும்பம் செய்ய வேண்டியது

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் போடும் மாத்திரைகளின் அளவு சில நாட்களிலேயே மாற வேண்டியிருக்கும்; பழைய சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்காதீர்கள். பி12, டி, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தேவை. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுங்கள். நன்றாக இளைத்த பிறகு, ‘இனி எதற்கு மாத்திரை’ என்று நிறுத்துபவர்கள்தாம் இரண்டு, மூன்று வருடம் கழித்து ரத்தசோகையோடும் கை கால் மதமதப்போடும் வருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் சின்னத் தட்டு வாங்குங்கள், அவருக்கு மட்டும் வாங்காதீர்கள். தீபாவளிப் பலகாரத்தைப் பாதியாகக் குறையுங்கள். ரேஸ்கோர்ஸுக்கோ, பக்கத்துத் தோட்டத்து வரப்புக்கோ காலையில் அவரோடு சேர்ந்து நடங்கள். அவர் ‘போதும்’ என்று சொன்னால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். வயிறு நிறையப் போடுவது மட்டுமா உபசாரம்?