துள்ளும் டைமிங்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் விழும் பழியும்

1970களின் செவ்ரோலெட் சி10 பிக்கப் இன்னும் அமெரிக்கச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பெரும்பாலும் இருப்பது 350 கன அங்குல வி8 எஞ்சின், நம் கணக்கில் 5.7 லிட்டர். அந்த எஞ்சினில் டைமிங் லைட்டை அடித்துப் பார்க்கும்போது, 8 டிகிரியில் நிற்க வேண்டிய புல்லிக் கோடு 4க்கும் 12க்கும் இடையே துள்ளினால், அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது, புதிதாக ஒன்றை வாங்கிப் போடு.

இந்தப் பதிலை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். பணம் வீணாவது அதில் சின்ன நஷ்டம். உண்மையான கோளாறு உள்ளேயே இருந்து எஞ்சினைத் தின்ன இது வழிவிடுகிறது என்பதுதான் என் கோபம்.

டிஸ்ட்ரிபியூட்டர் தானாகச் சுற்றுவதில்லை. கிராங்க் சுற்ற, முன்பக்கத்து செயின் கேம்ஷாஃப்டை அதன் பாதி வேகத்தில் இழுக்கிறது. கேம்ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் சாய்வுப் பல் கியர் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புகிறது. செயின் தொய்ந்தாலும், கேம்ஷாஃப்ட் முன்னும் பின்னும் நழுவினாலும், ஸ்பார்க் நேரம் தவறும். கடைசியில் இருப்பதைக் குற்றவாளியாக்குவது, எய்தவனை விட்டு அம்பை நோவதுதான்.

செயினையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பேன். அந்தக் காலத்தில் சத்தம் குறையட்டும் என்று, இந்த எஞ்சின்கள் பலவற்றில் அலுமினியச் சக்கரத்தின் மேல் நைலான் பற்களை வார்த்து கேம் கியராகப் போட்டார்கள். வருடக்கணக்கில் சூட்டிலும் ஆயிலிலும் ஊறிய நைலான் மொறமொறப்பாகி, துண்டு துண்டாக உதிரும். பல் உதிர உதிர செயின் தொய்யும். தொய்ந்த செயின் ஐட்லிங்கில் சாட்டை போல அடித்துக்கொள்ள, டைமிங் லைட்டில் கோடு துள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கிராங்க் லேசாகச் சுற்றுவதற்காகப் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து வையுங்கள். முன்புறம் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பானரை மாட்டி, எஞ்சின் சுற்றும் திசையில், கேப்புக்கு உள்ளே இருந்த ரோட்டர் நகரும் வரை திருப்பி, கோடு எந்த டிகிரியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இனி எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். செயின் தொய்ந்திருந்தால், கீழே கோடு நகர்ந்துகொண்டே போகும். மேலே ரோட்டர் அசையாமல் நிற்கும். ரோட்டர் அசைகிற அந்த நொடி வரை கோடு கடந்த டிகிரிதான் தொய்வு. நாலைந்து டிகிரி என்றால் பொறுக்கலாம். பத்தைத் தாண்டினால் செயினும் கியரும் மாற்றியே ஆக வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும், செலவும் இல்லை. இதைச் செய்யாமலேயே புதிய டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பில் போடுவதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

"புதுசு போட்டதும் சரியாகிவிட்டதே" என்பார்கள். சரியாகியிருக்கலாம். புதிதைப் போடும்போது கேப், ரோட்டர் மாறுகின்றன, வேக்குவம் குழாய் மறுபடி இறுக்கமாகச் செருகப்படுகிறது, பிளக் ஒயர்கள் எடுத்துத் திரும்ப மாட்டப்படுகின்றன. இவற்றில் எது குணமாக்கியது என்று யார் பார்த்தார்கள்? இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. அடுத்தடுத்து இருக்கும் 5ம் 7ம் அடுத்தடுத்தே வெடிக்கின்றன. அவற்றின் ஒயர்கள் ஒட்டி ஓடினால், 5ன் மின்சாரம் 7க்கும் தாவி, அந்த சிலிண்டரில் முன்கூட்டியே ஸ்பார்க் விழும். ஒயரைத் தள்ளி வைத்தாலே தீர்கிற வியாதி இது.

டைமிங் லைட்டையும் சந்தேகிக்க வேண்டும். அதன் கிளிப்பை 1ஆம் ஒயரிலிருந்து 6ஆம் ஒயருக்கு மாற்றிப் பாருங்கள். 6ஆம் சிலிண்டர் சரியாகக் கிராங்கின் ஒரு முழுச் சுற்று தள்ளி வெடிப்பதால், கோடு அதே இடத்தில்தான் தெரிய வேண்டும். அங்கே நிலையாக நின்று 1ல் மட்டும் துள்ளினால், கோளாறு 1ஆம் ஒயரிலோ கேப்பிலோ கிளிப்பிலோ இருக்கிறது. அடுத்து, வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஐட்லிங்கைக் குறையுங்கள். கோடு அமைதியானால், எங்கோ காற்று கசிந்து எஞ்சின் வேகம் ஏறி இறங்குகிறது, அல்லது அட்வான்ஸ் ஸ்பிரிங்குகள் நைந்து எடைகள் சீக்கிரமே விரிகின்றன. சில ரூபாய் ஸ்பிரிங் அது.

டிஸ்ட்ரிபியூட்டர் ஒருபோதும் கெடாது என்று நான் சொல்லவில்லை. ஷாஃப்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது கையில் பிளே தெரிந்தால், புஷ் தேய்ந்துவிட்டது. பாயின்ட் வைத்த பழைய மாடலில் டுவெல் மீட்டரின் முள் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் அலைந்தாலும் அதே தீர்ப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் 1975 முதல் எல்லா வண்டிகளுக்கும் தந்த எச்இஐ என்ற மின்னணு டிஸ்ட்ரிபியூட்டரிலும் ஒரு பழைய வலி உண்டு. உள்ளே பிக்கப் காயிலிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள், வேக்குவம் தட்டு திரும்பும்போதெல்லாம் மடங்கி நிமிர்கின்றன. வருடங்கள் போனால், மேலுறை முழுசாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்துவிடுகிறது. ஐட்லிங்கில் நன்றாக இருக்கும் வண்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் மிஸ்ஸிங் அடிக்கும். மல்டிமீட்டரை வைத்தால் 500 முதல் 1,500 ஓம் காட்ட வேண்டும். வேக்குவம் பம்பால் தட்டை அசைக்கும்போது அளவு சட்டென எல்லையின்றி ஏறினால், அறுந்தது அங்கேதான். பிக்கப் காயிலை மட்டும் மாற்றலாம். ஷாஃப்டை வெளியே எடுக்க வேண்டிய வேலை என்பதால்தான் பலர் முழுசாக மாற்றுகிறார்கள். அதையாவது சோதித்துவிட்டுச் செய்யட்டும்.

சோதிக்காமல் விட்டதன் விலை சும்மா இல்லை. செயின் தொய்ந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பி கோட்டை 8க்குக் கொண்டுவந்துவிடலாம். ஸ்பார்க் சரியாகும், ஆனால் வால்வுகள் தாமதமாகவே திறந்து தாமதமாகவே மூடும். வேக்குவம் இறங்கும், இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். உதிர்ந்த நைலான் துண்டுகள் ஆயில் சம்பில் இறங்கி, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். அப்போது பேரிங்குகளுக்கு எண்ணெய் போகாது. ஒரு செயின், இரண்டு கியர், ஒரு கேஸ்கெட் என்று முடிந்திருக்க வேண்டிய வேலை, கிராங்க் உட்பட முழு எஞ்சினையும் பிரிக்கும் வேலையாக நிற்கும்.